விரிச்சி: ஒரு பழஞ்சொல்லின் பொருளும் பிறப்பும்

(தமிழ்மன்றக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துருவம்)



சொற்கள் மூவகையாக வழக்கு வீழ்கின்றன. பொருள் மறைய, அதனொடு சொல்லும் மறைதல் ஒருவகை. போர்மறவர் காலில் அணிந்த கழல் இன்று பேச்சில் இல்லாமைக்கு அதனை அணிவார் இல்லாமையே கரணியம். ஒரு பொருட்கு இருசொல் இருந்து, ஒன்று ஓங்க மற்றொன்று ஒடுங்குதல் இரண்டாம் வகை. பொருள் வீட்டிலேயே இருக்க, அதன் பெயர் மட்டும் வெளியேற, அயற்பெயர் ஒன்று வந்து அவ்விருக்கையில் அமர்தல் மூன்றாம் வகை. இம் மூன்றாம் வகையே வருந்தத்தக்கது. ஏனெனின், பெயர் மாறும்போது பொருளின் உள்ளீடும் சிறிது சிறிதாக மாறிவிடுகின்றது. அங்ஙனம் வெளியேறிய சொற்களுள் ஒன்று விரிச்சி.

மகன் தேர்வெழுதப் புறப்படுகின்றான். தாய் வாயிலில் நின்று வழியனுப்புகின்றாள். அந்நேரத்தில் அண்டை வீட்டார் தமக்குள் வேறெதையோ பேசிக்கொண்டிருக்கையில், "கவலைப்படாதே, நல்லபடியாக முடியும்" என்று ஒருவர் உரைக்கும் சொல் தாயின் செவியில் விழுகின்றது. "நல்ல சொல் கேட்டது, போய் வா" என்கின்றாள் அவள். இஃது இன்றும் தமிழ்நாட்டில் எத்துணையோ வீடுகளில் நிகழ்வதே. அத்தாய் இதனை "நல்ல சகுனம்" என்பாள். அவளுடைய ஈராயிரம் ஆண்டுப் பழம்பாட்டிக்கோ இதற்கெனத் தனிப்பெயர் இருந்தது. அதுவே விரிச்சி.

சொல் வழங்கிய இடம்

ஒருவர் தாம் எண்ணிய செயல் கைகூடுமா என அறிய விரும்பி, ஊர்ப்புறத்தே சென்று நின்று, தம்மை அறியாத ஒருவர் தம் போக்கில் பேசும் சொல்லைக் கேட்டு, அதனைத் தம் வினாவுக்கு விடையாகக் கொள்ளுதலே விரிச்சி. இதனைச் செய்தலுக்கு "விரிச்சி நிற்றல்" என்றும், "விரிச்சி ஓர்த்தல்" என்றும் பெயர். நிற்றல் என்பது காத்து நிற்றல். ஓர்த்தல் என்பது செவிகொடுத்து ஆராய்தல். இவ் விரு வினைகளுமே இச்செயலின் இயல்பைக் காட்டிவிடுகின்றன. கேட்பவர் கட்டளையிடுவதில்லை, விலை கொடுத்து வாங்குவதில்லை, காத்து நிற்கின்றார், கூர்ந்து கேட்கின்றார்.

இதன் முழு ஓவியத்தையும் தீட்டிக் காட்டுவது முல்லைப்பாட்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடிய இது 103 அடிகளே உடையது. பத்துப்பாட்டுள் மிகச் சிறியது. அரசன் போர்மேற் சென்றிருக்கின்றான். கார்காலம் வந்துவிட்டது. அவன் வரவில்லை. அரசி ஆற்றாது வருந்துகின்றாள். பெருமழை பெய்து ஓய்ந்த மாலைப்பொழுதில், முதிர்ந்த பெண்டிர் சிலர் காவல்மிக்க ஊரின் புறத்தே செல்கின்றனர். நாழியில் நெல்லும், அப்போதே அலர்ந்த முல்லைப்பூவும் கொண்டுசென்று தூவிக் கைதொழுது, விரிச்சி நிற்கின்றனர்.

அப்போது அவர்கள் செவியில் விழுந்த சொல் யாது? தெய்வத்தின் முழக்கமன்று, பூசகரின் வாய்மொழியன்று. சிறு கயிற்றில் கட்டுண்ட ஓர் இளங்கன்று தாயைக் காணாது துடிக்கின்றது. குளிரால் நடுங்கித் தோளிற் கைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆய்மகள் அதனைக் காண்கின்றாள். இடையர் பின்னின்று ஓட்டிவர உன் தாயர் இப்பொழுதே வந்துவிடுவர் என்று அக்கன்றைத் தேற்றுகின்றாள். அவ்வளவே. அவள் அரசியை அறியாள், போரை எண்ணவில்லை, பெண்டிர் நின்று கேட்பதையும் அறியாள். கன்றின் துயர்கண்டு அவள் உள்ளம் இளகிற்று. அவ் விளக்கம் சொல்லாக வெளிப்பட்டது. அச்சொல்லை எடுத்துக்கொண்டு ஓடிவந்த முதுபெண்டிர், நற்சொல் கேட்டோம், நின் தலைவன் வருதல் உறுதி என்று அரசியைத் தேற்றுகின்றனர்.

இவ்விடத்துச் சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். ஓர் அரசியின் துயர்க்கு மருந்தாக வந்தது, மாட்டுக்கொட்டிலில் நின்ற ஏழைச் சிறுமி ஒருத்தி ஒரு கன்றுக்குச் சொன்ன ஆறுதல். குலமோ, கல்வியோ, பதவியோ அச்சொல்லுக்கு ஆற்றல் தரவில்லை. அருளே தந்தது. விரிச்சி என்னும் சொல்லின் நெஞ்சம் இதுவே.

இனி, இச்சொல் முல்லைப்பாட்டிற்கே உரியதன்று. தொல்காப்பியப் புறத்திணையியலில், ஆநிரை கவரச் செல்லும் வெட்சித்திணையின் துறைகளுள் "பாக்கத்து விரிச்சி" என்பது ஒன்று. பகைவர் நாட்டுக்கு அணித்தான பாக்கத்தே படைமறவர் தங்கி நற்சொல் கேட்டல் அது. பிற்காலத்து ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலையும் வெட்சிப்படலத்துள் விரிச்சியைத் துறையாக வைத்துள்ளது. நற்றிணையின் 40ஆம் பாட்டில், மகப்பேறு நிகழ்ந்த வீட்டில், மணல் பரப்பிய பந்தரின் ஒருபுறம் அணிகலன் பூண்ட மகளிர் விரிச்சி நிற்கின்றனர். குறுந்தொகையின் 218ஆம் பாட்டிலும், புறநானூற்றின் 280ஆம் பாட்டிலும் இச்சொல் உண்டு. போர், பிரிவு, பிள்ளைப்பேறு, நோய் ஆகிய இந்நான்குமே மாந்தர் தம் கையில் ஒன்றும் இல்லையென உணரும் இடங்கள். அங்கெல்லாம் தமிழர் தேடியது மற்றொரு மாந்தரின் நற்சொல்லை.

இவ்வளவு வழங்கிய சொல் பின்னர் ஏட்டுச்சுவடிகளுக்குள் உறங்கிவிட்டது. 1889ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றினார். 1894ஆம் ஆண்டு புறநானூற்றை வெளியிட்டார். 1903ஆம் ஆண்டு மறைமலையடிகளின் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை வெளிவந்தது. இவற்றின் வழியே கற்றோர் விரிச்சியை மீண்டும் கண்டனர். ஆனால் கற்றோர் ஏட்டில் கண்ட சொல் மக்கள் நாவுக்குத் திரும்பவில்லை.

சொற்பிறப்பு

விரிச்சி என்பதன் வேர் எது? விரி என்னும் வினையடியாகக் கொள்வதே பொருந்தும். விரிதல் என்பது மூடியது திறத்தல், சுருங்கியது பரத்தல், அரும்பியது அலர்தல். விரிப்பு, விரிவு, விரிசல், விரிவுரை என்பன அதன் வழிவந்த சொற்கள். பாய் விரிகின்றது, கடல் விரிந்து கிடக்கின்றது, சுவர் வெடித்து விரிசல் காண்கின்றது, மலர் விரிகின்றது, சுருங்கச் சொன்னதை விளங்கச் சொல்லுதல் விரித்துரைத்தல் ஆகின்றது.

தமிழின் உடன்பிறந்த மொழிகளும் இவ்வேருக்குச் சான்று பகர்கின்றன. மலையாளத்தில் பூ மலர்தலும் விரிதலே, முட்டையினின்று குஞ்சு வெளிவருதலும் விரிதலே. கன்னடத்தில் வகரம் பகரமாகத் திரிய, பிரி என ஒலித்து வெடித்தலையும் மலர்தலையும் குறிக்கும். தெலுங்கில் விரியு என்பது மலர்தல். விரி என்றாலே பூ. ஆகவே உள்ளே மறைந்திருந்தது தானே திறந்து வெளிப்படுதல் என்பதே இவ்வேரின் அடிப்படைக் கருத்து என்பது தேற்றம்.

ஈற்றில் நிற்கும் சி என்பது தொழிற்பெயர் ஈறு. வளர் – வளர்ச்சி, மலர் – மலர்ச்சி, மகிழ் – மகிழ்ச்சி, நிகழ் – நிகழ்ச்சி என வருமாறு போல, விரி – விரிச்சி என வந்தது. தமிழில் பெண்பாலைக் குறிக்கும் சி ஈறு ஒன்றும் உண்டு. ஆய்ச்சி, இடைச்சி, முறத்தில் நெல்லிட்டுக் குறிபார்த்த கட்டுவிச்சி என்பவற்றில் நிற்பது அது. இவ்விரண்டையும் மயங்கி, கட்டுவிச்சி போல விரிச்சியும் குறிசொல்லும் ஒரு பெண்ணின் பெயர் என்று கொண்டுவிடுதல் கூடாது. விரிச்சி என்பது ஆளின் பெயரன்று, நிகழ்ச்சியின் பெயர். எதிர்காலம் என்னும் அரும்பு ஒரு சொல்லின்வழி இதழ்விரிதலே விரிச்சி. முதுபெண்டிர் கையில் கொண்டுசென்றதும் அப்போது அலர்ந்த முல்லையே என்பதை இதனொடு சேர்த்து நோக்குக.

ஒலியொப்புமை ஒன்றே கொண்டு இதனை வடமொழியில் நான்முகனைக் குறிக்கும் விரிஞ்சன் என்னும் பெயரொடு பிணைத்தலும் பொருந்தாது. பொருளும் வழக்கும் துணைநில்லாத ஒலியொப்புமை சொல்லாய்வில் சான்றாகாது. இவ்விதி அயற்சொல்லைத் தமிழென்று காட்ட முயல்வார்க்கும் உரியது. தமிழ்ச்சொல்லை அயலென்று காட்ட முயல்வார்க்கும் உரியது.

புள்ளும் வாய்ப்புள்ளும்

விரிச்சியொடு அணுக்கமான மற்றொரு பழஞ்சொல் புள். புள் என்பது பறவை. பறவை பறக்கும் திசையையும் எழுப்பும் ஒலியையும் கொண்டு நன்மை தீமை உணர்ந்தமையால், புள் என்பதே குறிக்குப் பெயராயிற்று. காக்கை கரைந்தால் விருந்து வரும் என்னும் நம்பிக்கை குறுந்தொகைக் காலத்தது. அக்காக்கையைப் பாடியதால் நச்செள்ளையார் என்னும் பெண்பாற் புலவர் காக்கைபாடினியார் என்றே பெயர்பெற்றார். தொல்காப்பியரும் பாடாண்திணையில் நாள், புள், பிறவற்றின் நிமித்தம் என மூன்றாக வைத்து ஓதினார். நாள் என்பது பொழுது பற்றியது. புள் என்பது பறவை பற்றியது. நிமித்தம் என்னும் சொல் அந்நூலிலேயே இடம்பெற்றுவிட்டமையும் ஈண்டுக் கருதத்தக்கது.

புள் என்னும் சொல் பறவையிலிருந்து குறிக்கு எவ்வளவு தொலைவு நடந்தது என்பதைக் காட்டுவது வாய்ப்புள் என்னும் அருஞ்சொல். முல்லைப்பாட்டில் விரிச்சியாகக் கேட்ட நற்சொல்லுக்கு இதுவே பெயர். வாயினின்று வரும் புள்! பறவையே இல்லாத இடத்தும் மாந்தர் சொல்லையே பறவையென்று கூறும் அளவிற்கு அச்சொல் பொருள் விரிந்துவிட்டது. மேலும், வாய் என்னும் தமிழ்ச்சொல் பேசும் உறுப்பை மட்டும் குறிப்பதன்று. வாய்த்தல் என்பது கைகூடுதல். வாய்மை என்பது உண்மை. வாயில் பிறந்து வாய்ப்பதே வாய்ப்புள் எனின் அது பொருந்தாமற் போகாது.

இனி, சகுனம் என்பதைப் பார்ப்போம். வடமொழியில் சகுன என்பதற்கும் முதற்பொருள் பறவையே. பறவைகள் காத்த குழந்தைக்குச் சகுந்தலை எனப் பெயரிட்டதாக மாபாரதம் கூறும். சகுனி என்பதற்கும் அம்மொழியில் பறவை என்னும் பொருளுண்டு. ஆகவே தமிழ்ப் புள்ளும் வடமொழிச் சகுனமும் ஒரே வழியில் நடந்த சொற்களே. இதில் உயர்வு தாழ்வு இல்லை. ஆயின் ஒன்று கருதுக. புள் என்று சொன்ன தமிழன் உள்ளத்தில் பறவை சிறகடித்தது. அதனால், இஃது ஒரு பறவை, அதன் ஒலியைக் கொண்டு ஒன்று கருதுகின்றோம் என்னும் தெளிவு ஓரளவேனும் எஞ்சிநின்றது. சகுனம் என்று சொல்லும் தமிழனுக்கோ அதனுள் பறவை தெரிவதில்லை. வேர் தெரியாத சொல் இருளில் நிற்கும் உரு போன்றது. அதனைக் கண்டு அஞ்சுதல் எளிது. மேலும் பறவை, பொழுது, சொல் எனத் தமிழர் வேறுபடுத்தி வைத்திருந்தவற்றையெல்லாம் அவ்வொரு சொல் தன்னுள் விழுங்கிவிட்டது.

பிற நாட்டார் வழக்கு

மற்றவர் பேச்சைக் குறியாகக் கொள்ளும் வழக்கு தமிழர்க்கே உரியதென்று பெருமை பேசுதல் அறியாமையாகும். வடமொழியிலும் உபசுருதி என்னும் பெயரால் இத்தகைய கேள்வி குறிக்கப்படுகின்றது. கிரேக்கர் இதனைக் கிளேதோன் என்றனர். ஓமரின் ஒடிசி என்னும் பெருங்காப்பியத்தின் இருபதாம் பகுதியில், தன் வீட்டிலேயே இரவலன் கோலத்தில் தங்கியிருக்கும் ஒடிசியசு ஒரு நற்சொல் வேண்டுமென்று இறைவனை வேண்டுகின்றான். இடி முழங்குகின்றது. அதனைக் கேட்டு, இரவெல்லாம் திரிகை அரைத்துச் சோர்ந்த ஓர் அடிமைப்பெண், தன்னை இவ்வாறு வாட்டும் கயவர்க்கு இதுவே கடைசி விருந்தாகுக என்று மனம்நொந்து கூறுகின்றாள். அச்சொல்லையே அவன் வெற்றிக்குறியாகக் கொள்கின்றான். தமிழ்நாட்டில் ஆய்மகள், கிரேக்கத்தில் மாவரைப்பவள். இருவரும் உழைக்கும் பெண்கள். இருவரும் தம் சொல்லின் பயனை அறியாதவர்கள்.

உரோமரிடத்தும் ஒரு செய்தி உண்டு. கி.மு. 55ஆம் ஆண்டு கிராசசு என்னும் படைத்தலைவன் பார்த்தியர்மேற் படையெடுத்துக் கப்பலேறும்போது, துறைமுகத்தில் ஒருவன் காவுனசு என்னும் ஊரின் அத்திப்பழத்தைக் கூவி விற்றான். அக்கூவல் இலத்தீன் மொழியில் "போகாதே, விழிப்பாயிரு" என்பதுபோல் ஒலித்ததென்றும், கிராசசு அதனைக் கருதவில்லையென்றும் சிசெரோ எழுதிவைத்தார். கி.மு. 53ஆம் ஆண்டு கிராசசு அப்போரில் மடிந்தான். கிரேக்கத்திலும் பறவையைக் குறிக்கும் சொல்லே குறிக்கும் பெயர். எதைக் கண்டாலும் பறவை என்கின்றீர்களே என்று அரிசுடோபேனிசு தம் பறவைகள் என்னும் நாடகத்தில், கி.மு. 414ஆம் ஆண்டிலேயே, நகையாடினார். இலத்தீனில் பறவை நோக்கல் என்னும் பொருள்கொண்ட சொல்லினின்றே ஆங்கிலத்தில் நன்னேரத்தைக் குறிக்கும் சொல் பிறந்தது. ஆக, உள்ளம் அஞ்சும்போது வானத்தையும் அயலார் வாயையும் நோக்குதல் மாந்தரினத்தின் பொது இயல்பே.

பொய்த்த விரிச்சி

அங்ஙனமாயின், விரிச்சியை மீண்டும் நம்புக என்று கூறுதற்கோ இவ்வளவும்? அன்று. பழந்தமிழ்ப் புலவர்களே அதனைக் கண்மூடி நம்பினாரல்லர்.

முல்லைப்பாட்டின் முதுபெண்டிர் நற்சொல்லை எத்துணை முறை எடுத்துக்காட்டியும் அரசியின் கண்ணீர் நிற்கவில்லை. அரசன் தேரொலி கேட்கும்வரை அவள் துயர் தீரவில்லை. குறுந்தொகைத் தலைவி ஒருத்தி, தலைவன் தன்னை மறந்தான் என்று கருதிய சினத்தில், மலைமுழையில் உறையும் சூலிக்கு நேர்த்திக்கடன் பூணமாட்டோம், கையில் நூல் கட்டமாட்டோம், புள் ஓரமாட்டோம், விரிச்சியும் நில்லோம் என்று தோழியிடம் வெகுண்டுரைக்கின்றாள். புள்ளும் விரிச்சியும் வேறுவேறென்பதற்கு இப்பாட்டே சான்று. அவற்றை மறுத்துரைக்கும் நெஞ்சுரம் ஒரு பெண்ணுக்கு இருந்ததென்பதற்கும் இதுவே சான்று.

கபிலர், மலையமான் திருமுடிக்காரியைப் பாடுங்கால், நாள் நன்றன்று என்னும் பொழுதிற் சென்றாலும், புள் இடையே தடுத்தாலும், அவனை நாடிச் சென்றோர் வெறுங்கையொடு திரும்பார் என்கின்றார். வள்ளலின் கொடை புள்ளையும் நாளையும் வென்றுவிடுகின்றது. கழைதின் யானையாரோ, வல்வில் ஓரியை முன்னிட்டு, பரிசில் கிட்டாதபோது இரவலர் தாம் புறப்பட்ட புள்ளையும் பொழுதையும் பழிப்பரேயன்றி வள்ளலைப் பழியார் என்று நயம்பட உரைக்கின்றார். குறி என்பது பிறர்மேற் பழிவாராமல் காக்கும் ஒரு போர்வையாகவும் அன்று பயன்பட்டது.

எல்லாவற்றினும் நெஞ்சை உருக்குவது மாறோக்கத்து நப்பசலையாரின் புறப்பாட்டு. கணவன் மார்பிற் பெரும்புண் பட்டுக் கிடக்கின்றான். நண்பகலில் தும்பி மொய்க்கின்றது, ஏற்றிய விளக்கு நில்லாது அணைகின்றது, கூகை குழறுகின்றது, நெல்லும் நீரும் எறிந்து விரிச்சி ஓர்த்த முதியவளின் சொல்லும் நிரம்பாமற் போகின்றது. அவன் பிழையான் என்பதை மனைவி உணர்கின்றாள். தலை மழித்து, அணி களைந்து, ஆம்பல் அல்லியுண்டு வாழும் கைம்மை தன்முன் நிற்பதைக் கண்டு நடுங்குகின்றாள். நம்பிக்கையின் வெறுமையும், அக்காலக் கைம்மையின் கொடுமையும் ஒரே பாட்டில் நிற்கின்றன. பழமை முழுவதும் பொன் என்பார் இப்பாட்டை ஒருமுறை ஓதுதல் வேண்டும்.

மாந்தரே தீக்குறியானமை

இங்குதான் இச்சொல்லாய்வு ஏட்டைவிட்டுத் தெருவுக்கு வருகின்றது. சங்கப் பாடல்களில் வீட்டின் இடுக்கண் நேரத்தில் நாழியும் நெல்லும் ஏந்தி முன்செல்பவர் யார்? முதுபெண்டிர். அவர் கையால் தூவிய நெல்லும் அவர் செவியில் விழுந்த சொல்லுமே வீட்டிற்கு நம்பிக்கை தந்தன. மூப்பே அவர்தம் தகுதி.

பிற்காலத்து நிலை என்ன? சகுனம் பார்த்தல் என்னும் பெயரில் எதிரே வரத்தகாதார் என ஒரு பட்டியல் எழுந்தது. விறகு சுமப்பவர் வரலாகாது; எண்ணெய்க் குடம் ஏந்தியவர் வரலாகாது; ஒற்றைப் பார்ப்பனர் வரலாகாது; எல்லாரினும் கொடிதாக, கணவனை இழந்த பெண் வரலாகாது. வினை மேற்கொண்டு நடக்கும் உழைப்பாளியும், தனிவழி நடக்கும் அந்தணரும், துயருற்ற பெண்ணும் ஒருங்கே குறியாக்கப்பட்டனர். முன்னர் மாந்தரின் சொல் நற்குறியாயிற்று. பின்னர் மாந்தரே தீக்குறியாயினர். இத்தலைகீழ் மாற்றத்தினும் இழிவு வேறுண்டோ?

சகுனம் என்னும் சொல் வந்தமையால்தான் இக்கொடுமை வந்ததென்று கூறுதல் வரலாறாகாது. கைம்மைக் கொடுமை அச்சொல் பரவுமுன்னரும் இருந்ததென்பதை நப்பசலையார் பாட்டே காட்டிற்று. ஆயினும் நற்சொல்லைத் தேடிச் செல்லும் வழக்கிற்குரிய சொல் மறைந்தபின், தீக்காட்சியைத் தேடி அஞ்சும் வழக்கே எஞ்சியது என்பதை மறுக்க இயலாது.

எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டுமென்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதையைத் தமிழர் பழமொழியாகவே வைத்துள்ளனர். இன்று அறுபடுவது மூக்கன்று, தாயரின் நெஞ்சம். மகள் திருமணத்திற்குப் பொன்னும் பொருளும் ஈட்டித் தந்த தாய், கைம்பெண் என்பதனால் தாலி கட்டும் வேளையில் அடுக்களையின் மூலையில் நிற்கின்றாள். அவளை அங்கே நிறுத்தியது சட்டமன்று. கைம்பெண் மறுமணத்திற்கு 1856ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. ஈரோடு மாவட்டத்துக் கோயிலொன்றில் ஒரு கைம்பெண் நுழைவதைத் தடுத்தபோது, அங்ஙனம் தடுத்தல் கூடாதென்று 2023ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 1856க்கும் 2023க்கும் இடையே 167 ஆண்டுகள். அத்துணை ஆண்டுக்குப் பின்னும் நீதிமன்றம் சென்றே ஒரு தாய் கோயில் வாயிலைக் கடக்கவேண்டியிருந்தது எனின், அவளைத் தடுத்தது மக்கள் உள்ளத்தில் குடிகொண்ட குறியச்சமே.

செய்யத்தக்கது

தனித்தமிழ் அன்பர்கள் இங்கே ஒன்றைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். சகுனம் என்னும் சொல்லை நீக்கி, அவ்விடத்தெல்லாம் விரிச்சி என்று எழுதிவிட்டால் தமிழ்ப்பணி முடிந்ததென்று எண்ணுதல் பிழை. பூனை குறுக்கே போயிற்று, விரிச்சி சரியில்லை என்று எழுதுதல் தூய தமிழன்று, பொருளறியாத் தமிழ். பூனைக்கும் விரிச்சிக்கும் தொடர்பில்லை. பொதுவாகச் சகுனம் என்பதற்குக் குறி என்னும் எளிய சொல் உண்டு. பறவை பற்றியதாயின் புள் உண்டு. கேட்ட சொல் பற்றியதாயின் மட்டுமே விரிச்சி, வாய்ப்புள், நற்சொல் என்பன பொருந்தும். சொல்லை மீட்பவர் அதன் பொருளெல்லையையும் சேர்த்தே மீட்கவேண்டும். எல்லையழிந்த சொல் பெயர்த்து நட்ட வேரிலா மரம்.

அதனினும் பெரிய கடமை ஒன்றுண்டு. தீக்குறி என்னும் இழிசொல்லைத் தமிழ்ப்பெயரிட்டு அழைத்தாலும் அஃது இழிசொல்லே. கைம்பெண்ணைக் கண்டு "சகுனம் சரியில்லை" என்பவனும் "குறி தீயது" என்பவனும் ஒரே குற்றத்தைச் செய்கின்றனர். மொழித்தூய்மை உள்ளத்தூய்மையொடு சேர்ந்தாலன்றித் தூய்மையாகாது.

விரிச்சியின் நம்பிக்கைக்கூறு போகட்டும். எதிர்காலம் அயலார் பேச்சில் ஒளிந்திருப்பதில்லை. தேர்வில் வெல்வது கற்றவன். நோயை வெல்வது மருத்துவமும் பேணலும். ஆயினும் விரிச்சியின் அறக்கூறு அழியாதிருத்தல் வேண்டும். யார் எப்போது எத்துயரொடு வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கின்றார் என்பதைப் பேசுவோர் அறியார். ஆகலின் எப்போதும் நற்சொல்லே பேசுக என்பது அவ்வறம். இன்றும் புறப்படுவோர் "போகிறேன்" என்னாது "போய் வருகிறேன்" என்பதும், நன்னூலார் மங்கலம் என வகுத்தவாறு இறந்தாரைத் துஞ்சினார் என்பதும் அவ்வறத்தின் எச்சங்களே. திருவள்ளுவரும் இனியவை கூறலுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். வாய்மை யாதெனின், பிறர்க்குத் தீமை சிறிதும் பயவாத சொல்லே என்று வரையறுத்தார்.

ஆகவே இனிக் குறிபார்க்க விரும்புவோர் எதிரே வருபவர் நெற்றியைப் பாராதீர்கள்; தம் நாவைப் பாருங்கள். நாள்காட்டித் தாளில் நல்லநேரம் தேடுமுன், வீட்டு மூலையில் ஒதுங்கி நிற்கும் முதுபெண்ணை முன்னழைத்து, அவள் வாயினின்று ஒரு வாழ்த்தைக் கேளுங்கள். நாழி நெல்லொடு முன்சென்ற முதுபெண்டிரின் இடம் அது. அவ்விடத்தில் அவளை நிறுத்துங்கள். அவள் கண்கலங்கி, "நன்றாக இரு" என்று சொல்லும் அச்சொல்லே விரிச்சி.